மஞ்சள் இறங்கிய தட்டு

புதன்கிழமைகளில் பஸ் பிடித்து, நகர ஓரத்துத் தீவான இல்-பிசாருக்குப் போவேன். தனியாக வாழும் ஒரு வயதான பிரெஞ்சுக்காரியின் வீட்டைத் துடைத்துக் கொடுப்பது வேலை. மதாம் என்றுதான் கூப்பிடுவேன்.

அவருடைய கண்ணாடி அலுமாரியில் பன்னிரண்டு தட்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் பீங்கான், கையால் தீட்டியவை. ரோஜா, துலிப், நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஓர் ஈ. முதல் நாள் அந்த ஈயை நகத்தால் சுரண்டப் பார்த்தேன். மதாம் சிரித்தார். சூளையில் விழுந்த புள்ளியை மறைக்க ஓவியன் அங்கே ஈயை உட்கார வைத்தானாம்.

மத்தியானம் அந்தத் தட்டுகளில்தான் இருவரும் சாப்பிடுவோம். சும்மா அடுக்கி வைத்தால் அவை செத்துப்போகும் என்பது அவர் கட்சி. நான் கொண்டுபோகும் சோறும் பருப்பும் அவருக்கு முள்ளுக்கரண்டியில், எனக்குக் கையில். மற்ற ஆறு நாளும் என் அறையில், குழாயடியில் நின்றபடியே சாப்பிடுகிறவன் நான். எதிரே ஒரு முகம் இருப்பது புதன்கிழமை மட்டும்.

ஒரு புதன் அவர் மிக மெதுவாகச் சாப்பிட்டார். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க மற்றவர் எழும்பக்கூடாது. அப்படி வளர்ந்த உடம்பு இது. கை காய, தட்டில் பருப்பும் காய, இருந்தேன். கழுவும்போதுதான் கண்டேன்: கண்ணுக்கே படாத மயிரிழை வெடிப்பில் மஞ்சள் இறங்கி, ரோஜாவிலிருந்து விளிம்புவரை ஓடியிருந்தது. சோப்புக்கும் போகவில்லை, எலுமிச்சைக்கும் போகவில்லை. தட்டை அடுக்கின் அடியில் ஒளித்துவிட்டு வெளியேறினேன்.

பஸ்ஸிலிருந்தே ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியை அழைத்தேன்.

"இருநூறு வருசத்துச் சாமானிலை பருப்பும் சோறுமோ? உங்களுக்கென்ன விசரோ அண்ணை?"

"மனிசிதான் அதிலை போட்டுத் தந்தது."

"வாய் திறந்திடாதேங்கோ. பேந்து அந்த மனிசி கதவே திறக்காது."

என் பயமும் அதுதான்.

அடுத்த புதன் பருப்பு கொண்டுபோகவில்லை, பாண் ரொட்டியும் சீஸும். மேசையில் என் இடத்தில் அந்தத் தட்டே இருந்தது, மஞ்சள் கோடு என்னைப் பார்த்தபடி.

"மதாம், நான்..."

"தெரியும். தினமும் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கிறேன். எனக்கு வேறென்ன வேலை?" பாணைப் பார்த்து முகம் சுளித்தார். "பருப்பு எங்கே? இந்தக் கோட்டின்மேல் ஈ வைக்க இனி ஓவியன் வரமாட்டான். இது உங்கள் தட்டு. உட்காருங்கள்."

உட்கார்ந்தேன். என் பங்கு முடிந்து வெகுநேரமாயிற்று, எழும்பவில்லை. யன்னலுக்கு வெளியே நான் பிடிக்கவேண்டிய பஸ் போனது. அடுத்தது வர ஒரு மணிநேரம். மதாமும் அதைப் பார்த்தார். கையிலிருந்த பாணை இன்னும் சின்னதாகப் பிய்த்தார்.