காமாலை எழுதாத மனு

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன். நர்ஸ் வெளியே வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை குரலைத் தூக்கிக் கடைசி எழுத்தை இழுத்தாள். அந்த இழுப்பில் எனக்குக் கொடைக்கானல் கோர்ட்டு வந்துவிட்டது. அங்கே பெயர் கூப்பிடும் டபேதார் அப்படித்தான் இழுப்பார். ஈரக் கம்பளி வாடை, சன்னல் வழியாகக் கேட்காமலே உள்ளே வந்து உட்காரும் மூட்டம், பச்சைத் தாள் கட்டுகள், எல்லாம் அந்த ஒரு எழுத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தன.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் அங்கே ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். செண்பகனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வெள்ளனே வந்து ஆபீசைத் திறப்பேன். வேலை, மனு அடிப்பது. வழக்கு ஒன்றுதான், அதைச் சுற்றி மனுக்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். தடை கேட்டு ஒன்று, இடத்தைப் பார்த்துவர ஆணையர் கேட்டு ஒன்று, என்னைக் கேட்காமல் எதிராளிக்கு உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே ஒன்று, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒன்று. இந்தக் கடைசி மனு எனக்குப் பிடித்தமானது. கடந்துபோன நாட்களுக்காக ஒரு அரசாங்கத்திடம் மன்னிப்புக் கேட்கிற தாள். வேறெங்கே அப்படி ஒரு தாள் இருக்கிறது?

மேல்முறையீடு என்பார்கள், எங்களுக்கு அது மலையிறங்குவது. முன்சீப் கோர்ட்டு உச்சியில். அங்கே தோற்றால் பழனி சப் கோர்ட்டு. அங்கேயும் தோற்றால் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு மதுரை. உயர் நீதிமன்றக் கிளை அப்போதுதான் அங்கே வந்திருந்தது, அதற்கு முன்னால் சென்னைக்குப் போகவேண்டும். அதற்கும் அப்பால் டெல்லி. எங்கள் ஆபீசிலிருந்து டெல்லிக்கு யாரும் போனதில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள், புருசனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். பெரும்பாறைக்கு மேலே குடியிருப்பவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலிக்கு நின்றவர்கள். பழைய முதலாளி ஓரத்தில் ஒரு துண்டு இடம் காட்டி வீடு கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். எழுத்து ஒன்றும் கிடையாது. அவர்கள் வீடு கட்டி, நிழல்மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி, இரண்டு பிள்ளைகளை வளர்த்துவந்தார்கள். எஸ்டேட்டை வாங்கிய புது முதலாளி, காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். இப்போது தீர்ப்பாகி, அதை நிறைவேற்றக் கோர்ட்டு அமீனா வந்து வீட்டைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"சம்மன் வந்துச்சா இல்லையா?" என்றார் வக்கீல்.

"வந்துச்சுங்க. அன்னிக்கு வந்தோமே," என்றாள் அந்த அம்மா. "வக்கீல் எதுக்கு, ஜட்ஜய்யாகிட்ட நேர்ல சொல்லிக்கலாம்னு விடிஞ்சும் விடியாம பஸ் ஏறி வந்தோம். கோர்ட்டுத் தூண்ல சாஞ்சு பொழுது சாயற மட்டும் நின்னோம். ஒருத்தரும் கூப்பிடல."

"மூணு தடவ கூப்பிட்டிருக்காங்க. வரலைன்னு எழுதித் தீர்ப்பாயிருச்சு. எக்ஸ்பார்ட்டி."

வக்கீல் வழக்குக் கட்டைப் பிரித்து எதிர்வாதியின் பெயரை வாசித்தார். அந்த மனிதர் வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் முதலில் சுதாரித்தாள்.

"அய்யோ, அது பாஸ்போர்ட்டுப் பேருல்ல!"

இலங்கைத் தோட்டத்தில் நடந்தது அது. பெயர்ப் பதிவில் அவருடைய பெயரிலேயே ஏற்கெனவே ஆட்கள் இருந்ததால், ஆட்களை மேய்க்கும் கங்காணி தனக்குத் தோன்றிய ஒன்றை எழுதிவிட்டார். காலையில் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வாயால் சொன்னவர் யாரும் இல்லை. பதிவில் இருந்தது பாஸ்போர்ட்டுக்கு ஏறி, பாஸ்போர்ட்டிலிருந்து இங்கே எஸ்டேட் கணக்குக்கு ஏறி, அங்கிருந்து வழக்குக்கும் வந்திருந்தது. ரேஷன் கார்டில் மட்டும் வீட்டில் கூப்பிடும் பெயர். டபேதார் அவர் காதுக்குப் பக்கத்தில் நின்றுதான் கத்தியிருக்கிறார்.

"எனக்கும் கேட்டுச்சுங்க," என்றார் அவர் மெதுவாக. "யாரோ பாவம் வரல போலன்னு நெனச்சேன்."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. "நல்லா நெனச்சாரு பாருங்க. ஊருக்கெல்லாம் பாவம் பாப்பாரு."

மூன்று மனு போடவேண்டும் என்றார் வக்கீல். தீர்ப்பை நீக்கச் சொல்லி ஒன்று. அதற்குரிய கெடு தாண்டிவிட்டதால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒன்று. அதுவரை அமீனாவை நிறுத்திவைக்க ஒன்று. பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, வழக்கமானதப் போட்டு அடிச்சிரு," என்றார்.

வழக்கமானது என்றால் மஞ்சள் காமாலை. எந்தக் கோர்ட்டிலும் வராமல் போனவருக்கு அன்றைக்குக் காமாலை. வீட்டோடு நாட்டு வைத்தியம், ஆகவே டாக்டர் சீட்டு இல்லை. எங்கள் மலையில் என் தட்டச்சு எந்திரத்தால் காமாலை கண்டவர்கள் ஏராளம். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். நான் தாள் செருகி, "கடுமையான மஞ்சள்" வரை அடித்துவிட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னார் அந்த மனிதர். வாசித்தேன்.

"அது வேணாங்க."

"என்னய்யா வேணாம்?"

"எங்க மூத்த பொண்ணு மண்டபத்துல அதுலதான் போச்சு. அத எனக்குன்னு எழுதி நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் திரும்பினாள். "போனது போச்சு. இருக்கற ரெண்டும் ரோட்டுல நிக்கணுமா? போடுங்க கையெழுத்த!"

"நான் கோர்ட்டுலதானே நின்னேன். நின்னேன்னு எழுதுங்க."

"எழுதுனா எவன் நம்புவான்?" வக்கீல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "காமாலைன்னா எதிர்த்தரப்பு வக்கீலே தலையாட்டிருவாரு. அவரு கட்சிக்காரனுக்கும் நாளைக்கு வரணும்ல? வந்து நின்னேன், ஆனா வரலைன்னா கேக்கறவன் சிரிப்பான்யா."

"சிரிக்கட்டுங்க."

வேறு நோய் ஏதாவது போடலாமா என்று நான் கேட்டேன். வயிற்றுப்போக்கு என்றார் வக்கீல். அந்த மனிதர் அதற்கும் தலையசைக்கவில்லை. அவள் முந்தானையை உதறி வெளியே போய், சாரலில் நின்றுகொண்டாள். கடைசியில் நடந்ததை நடந்தபடி அடித்தேன். பச்சைத் தாளில் அது விநோதமாக இருந்தது. கங்காணி, பெரட்டு, தூண், வேறொருவர் பெயர் என்று எண்ணியது. எந்திரமே தயங்கித் தயங்கி அடித்ததுபோல ஒரு நினைப்பு. அவர் கையெழுத்துப் போட்டார், அந்தப் பாஸ்போர்ட்டுப் பெயரைத்தான். படிக்கத் தெரியாதவருக்கு அதன் வடிவத்தை மட்டும் முகாமில் பழக்கிவிட்டிருந்தார்கள்.

எதிர்த்தரப்பு பதில் மனுவில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆமாம், இவர் வராந்தாவில்தான் நின்றார், எங்கள் மேஸ்திரியே பார்த்தார், நின்றும் பதில் சொல்லாதது நீதிமன்றத்தை அலட்சியப்படுத்தியது என்று எழுதியிருந்தார்கள். முன்சீப் அதை ஒப்புக்கொண்டார். மனுக்கள் தள்ளுபடி.

"நான் சொன்னேன்," என்றார் வக்கீல். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் அவளும் அவரும் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

அமீனா மறுபடி தேதி குறிப்பதற்குள் பழனிக்கு இறங்கினோம். மேல்முறையீடும் அதோடு சேர்ந்த தடை மனுவும். தடை கிடைத்தது. பிறகு வாய்தா, வாய்தா. ஒவ்வொரு முறையும் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு கொண்டைஊசி வளைவுகளில் நான் இறங்குவேன். மேலே ஸ்வெட்டர், பாதி வழியில் அது மடியில், கீழே வேர்வை. அவர்கள் இரண்டு பேரும் வத்தலக்குண்டு சுற்றி எனக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள். பெயர் கூப்பிடும்போது அவள் முழங்கையால் அவரை இடிப்பாள். "ஒங்களத்தான். போங்க." அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

தைப்பூசக் கூட்டம் ஊரில் சேரத் தொடங்கியிருந்த சமயம் தீர்ப்பு வந்தது. நீதிபதி எதிர்த்தரப்பின் பதில் மனுவையே எடுத்து வாசித்தார். இவர் அங்கே நின்றார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அலட்சியமானவர் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து மாலைவரை நிற்பாரா? ரேஷன் கார்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒருதலைத் தீர்ப்பு ரத்து. வழக்கை மறுபடி கொடைக்கானலில் முதலிலிருந்து விசாரிக்க உத்தரவு.

வெளியே வந்ததும் அவர் கேட்டார், "அப்ப வீடு எங்களுக்குன்னு ஆச்சுங்களா?"

"இல்லய்யா. நீ சொல்றத இனிமேதான் கேப்பாங்க. கேட்டுட்டு என்ன சொல்லுவாங்களோ, யாருக்குத் தெரியும். கையில எழுத்து இல்ல உனக்கு." வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "காமாலைன்னு எழுதியிருந்தா இந்த அலைச்சலே இல்ல. மேலயே முடிஞ்சிருக்கும்."

"அலைச்சல் இருந்துட்டுப் போகட்டும் விடுங்க," என்றாள் அவள். வக்கீலிடம்தான் சொன்னாள், ஆனால் பார்த்தது புருசனை.

பஸ் ஸ்டாண்டு முழுக்கக் காவடி, பால்குடம், பாதயாத்திரைக் கால்கள். நான் அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு மதுரைக்குப் போவதாக இருந்தேன். அவளிடம் சொன்னேன். "போற எடத்துல நல்லா இரு தாயி," என்று என் கன்னத்தைத் தொட்டாள். அதற்கப்புறம் அந்த வழக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். வருடங்கள் ஓடிவிட்டன.

பஸ் உறுமியது. அவர் ஏறி இடம் பிடித்திருந்தார். அவள் படியில் ஒரு காலை வைத்தவள், எதையோ யோசித்து, வக்கீலைப் பார்த்துத் திரும்பினாள்.

"அய்யா, மொளகு பழுத்துக் கெடக்கு. கோர்ட்டுல கெடக்கற எடம்னு ரெண்டு வருசமா எஸ்டேட்டு ஆளுக கை வைக்க விடல. இந்தத் தடவ பறிக்கலாமுங்களா?"

வக்கீல் படிக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பறிங்கம்மா. கேசு மறுபடி தொடங்கறதுக்குள்ள வெரசாப் பறிங்க."