பதினொரு வீட்டுப் பாத்திரங்களும் எஸ்தர் சேச்சியும்

எஸ்தர் சேச்சி காலமான செய்தியை என் மகள் பவானிதான் கொண்டுவந்தாள். கல்லூரி விட்டு வரும் வழியில் வழக்கம்போல் குழந்தைகள் இல்லத்தில் எட்டிப் பார்த்திருக்கிறாள். அங்கே சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, சேச்சி போயிட்டா" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டும் இருந்தோம். சேச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிரிக்காமல் முடிக்க முடியாது என்பது அவரிடம் பிள்ளை வாங்கிய உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவர் அவர். அந்த இல்லத்தில் தத்துக் கொடுக்கும் பொறுப்பு முழுவதும் அவர் தலையில்தான் இருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் காத்திருந்துவிட்டு, நானும் என் கணவரும் அவர் மேஜை முன்னால் போய் நின்றோம். நான் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். விண்ணப்பத்தை நானே அடித்திருந்தேன். பழக்கதோஷம், ஆபீஸ் ஆங்கிலம் அப்படியே வந்துவிட்டது. பொருள், பெண் குழந்தை. தேவை, ஒன்று. காலதாமதமின்றி வழங்க வேண்டப்படுகிறது.

சேச்சி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பிள்ளைக்கு அப்ளிகேஷனா, ஸ்டேஷனரிக்கு இண்டெண்டா? பென்சில் ரெண்டு டஜன் சேர்த்து அனுப்பட்டா?"

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அறையில் அழுதுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு காகித வேலை தொடங்கியது. இருவருக்கும் டாக்டர் சர்டிபிகேட், சம்பளச் சான்று, கல்யாண போட்டோ, எங்களை நன்றாக அறிந்த இரண்டு பேரின் கடிதம். எல்லாம் சேர்ந்த பின் சேச்சி வீட்டுக்கு வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். அது சாதகமாக இருந்தால்தான் கோர்ட்டில் அனுமதி கேட்க முடியும். சட்டப்படி தத்தெடுப்பவர் கணவர், மனைவி சம்மதம் கொடுத்தால் போதுமாம். "சட்டத்துல நீங்க வெறும் ஒரு கையெழுத்துதான் பர்வதம். சோறு ஊட்டும்போ தெரியும் ஆரு தத்தெடுத்ததுன்னு" என்று சேச்சி என்னைச் சீண்டுவார். காகிதங்களை அவர் பெரிதாக மதித்ததில்லை. "இதெல்லாம் கோர்ட்டுக்கு. எனக்கு உங்க வீட்டுல ஒரு மணிக்கூர் போதும்" என்பார்.

அந்த ஒரு மணி நேரத்தை நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு பேருக்கான பாத்திரம். காலி அலமாரியைப் பார்த்தால் எந்தப் பைத்தியக்காரி பிள்ளையைக் கொடுப்பாள்? "ஆத்துக்காரரோட ஆபீஸர் வரார்" என்று சொல்லி, ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் பதினொரு வீடுகளில் எவர்சில்வர் பாத்திரங்களை இரவல் வாங்கிப் பளபளவென்று அடுக்கினேன். தெருவுக்கு உண்மை தெரியக் கூடாது. ஏனென்றால் எங்களிடம் வேறொரு திட்டம் இருந்தது.

சேச்சி வந்து கூடத்தில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். "பிள்ளைகிட்ட தத்துன்னு எப்ப சொல்லுவிய?"

"சொல்லவே போறதில்லை" என்றார் என் கணவர், ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி. "ரெண்டு வருஷம் வெளியூருக்கு மாத்தல் வாங்கிண்டு போயிடுவோம். குழந்தையோட திரும்பி வருவோம். நாங்க பெத்ததுன்னே எல்லாரும் நினைச்சுப்பா. இந்தத் தெருவுல ஒரு ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாது."

சேச்சி பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். அவர் காப்பி டம்ளரைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பினார்.

"ராஜம் ஆரு?"

நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் உள்ளே கொண்டுவர மாட்டோம். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம், அன்றைக்கென்று அது என் புத்தியில் ஏறவில்லை. சேச்சி எழுந்து அலமாரிப் பக்கம் போனார். "மீனாட்சி. கோமதி. எஸ். ஆர். கல்யாணி. வெங்குலட்சுமி" என்று வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொன்றாகப் படித்தார். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ராஜம் மாமி ஒரு தட்டில் முறுக்கோடு உள்ளே நுழைந்தாள்.

"வந்துட்டாளா? நான் தொந்தரவு பண்ணலை. ஏண்டி பர்வதம், பெண் குழந்தைன்னுதானே கேட்டிருக்கேள்? கல்யாணி ஆத்துல தொட்டில் சும்மாதான் கிடக்கு, தரேன்னா."

சேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமி போன பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தெருவுக்கெல்லாம் தெரியும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியாது. அதானே உங்க திட்டம்? ஒரு நாளு ஆராவது அவகிட்ட சொல்லுவாவ. அன்னைக்கு அவ உங்களைத் தொலைச்சிருவா. சொல்லுவோம்னு வாக்குத் தந்தா எழுதுதேன். இல்லேன்னா வேண்டாம்."

"தெரிஞ்சா என்னை அம்மான்னு நினைப்பாளா?" என்று கேட்டேன். அதுவரை என் கணவரிடம்கூடக் கேட்காத கேள்வி.

"அதுக்கு நான் ஜாமீன் நிக்க முடியாது மோளே. ஆனா பொய்யில ஒரு பிள்ளையக் கொண்டுவந்து இருத்த மாட்டேன்."

நான் அழுதுகொண்டே வாக்குக் கொடுத்தேன். அவர் பையிலிருந்து பேனாவை மறுபடி எடுத்தார். "இந்த வீட்டில் சாமான் குறைவு, அக்கம்பக்கம் அதிகம்" என்று ரிப்போர்ட்டில் எழுதியதாகப் பின்னால் சொன்னார்.

கோர்ட் அனுமதி வந்ததும் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னார். சுத்த ராகுகாலம். நான் தயங்கினேன். "அவ பிறந்ததுல இருந்து காத்துக் கிடக்கா. இன்னும் ஒரு நாளு எதுக்கு?" என்றார். கையால் கொடுத்து, கையால் வாங்கினால்தான் தத்து செல்லும். சேச்சி குழந்தையை நீட்டினார், நாங்கள் வாங்கினோம். பதினான்கு மாதப் பவானி முதல் காரியமாகத் தன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். "ராகு கண்ணாடியோட போயிட்டான்" என்றார் என் கணவர். அன்றைக்கு நாங்கள் சிரித்ததுபோல் எங்கள் கல்யாணத்தில்கூடச் சிரித்ததில்லை.

வாக்கை நிறைவேற்ற மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சேச்சி வருவார், என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையைக் குனிவேன். "பெரிய கதையா சொல்லாதீங்க. சோறு போடும்போ சொல்லுங்க" என்றார். அப்படியே தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே, அவளை இல்லத்திலிருந்து வாங்கி வந்ததைச் சொன்னேன். பவானி முழுசாக மென்று விழுங்கிவிட்டு, "அங்க இன்னும் பாப்பா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்போ நாளைக்குப் போய் இன்னொண்ணு வாங்கிண்டு வா" என்றாள். மறுநாள் சேச்சியிடம் போய்ச் சொன்னபோது, "இண்டெண்ட் போட்டாச்சா?" என்று கேட்டார்.

ஆனாலும் என் பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வெளியார் முன்னிலையில் அந்தப் பேச்சு வந்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்ளும். சேச்சியை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரியவர் பவானியிடம், "மோள் யாரு? எஸ்தருக்குச் சொந்தமா?" என்று கேட்டார். நான் அவசரமாகப் பவானியின் பக்கம் நகர்ந்தேன்.

"சேச்சிதான் என்னை எங்க அம்மா கையில குடுத்தா. இதோ, இவாதான் எங்க அம்மா" என்றாள் பவானி, பஸ் நம்பர் சொல்வதுபோல் சாதாரணமாக.

முன்னால் நின்ற ஓர் இளைஞன் திரும்பினான். "என்னையும்" என்றான். அவனுக்கு அப்பால் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, "என்னையும்" என்றாள். பின்னாலிருந்து இன்னொரு குரல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அந்த இடத்தில் சிரிக்கலாமா என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள். என் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

எஸ்தர் சேச்சி எனக்கு ஒரு மகளைக் கொடுத்தார் என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தேன். மகளிடம் மறைக்க ஒன்றுமே இல்லாத ஒரு அம்மாவை அவளுக்கும் கொடுத்திருக்கிறார். அவர் தந்ததில் நான் கடைசிவரை காப்பாற்ற வேண்டியது, அந்த அம்மாவாகவே இருப்பதைத்தான்.