வெள்ளைப் பொடி போட்ட தரை

கெசியா அந்த வீட்டின் முதல் பட்டதாரி. வேதியியல் படித்துவிட்டு, சூலூருக்கு வெளியே ஒரு கசடு யார்டில் வேலை பார்த்தாள். எவர்சில்வர் உருக்கும் ஆலைகளின் உலைக்கசடு லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். நொறுக்கிக் காந்த உருளையில் விட்டால் இரும்பு ஒட்டிக்கொள்ளும். நிக்கல் கலந்த எவர்சில்வர் காந்தத்துக்கு மசியாது. பெல்ட்டின் இருபுறமும் நிற்கும் பெண்கள்தான் அதைக் கையால் பொறுக்க வேண்டும். பொறுக்கியதில் நிக்கல் எவ்வளவு என்று கருவியை வைத்துப் பார்ப்பது கெசியாவின் வேலை. சாயங்காலத்துக்குள் இமையெல்லாம் வெள்ளைப் பொடி படிந்துவிடும். இதற்குத்தானா படித்தோம் என்று பஸ்ஸில் நினைக்கத் தொடங்குவாள், அதற்குள் தூங்கிப்போவாள்.

தறி ஓட்டிய அப்பா ஞானாபரணத்துக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. மேடு பள்ளமில்லாத தரையில் தினமும் நடந்தால் கால் பழகும் என்றார் டாக்டர். வீட்டிலோ குண்டும் குழியுமான தரை. அதை உயர்த்திச் சிமெண்ட் பூசக் கெசியா யார்டிலிருந்தே பொடி கேட்டாள்.

"உலோகம் எடுத்த பொடிதானுங்க அம்மணி, வேணுங்கறத அள்ளிக்கோங்க" என்றார் சூப்பர்வைசர் அழகிரிசாமி.

இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று பல மழை கண்டது, செடி முளைத்துக் கறுத்துக் கிடந்தது. மற்றது புதியது, மாவு போல வெள்ளை. கெசியா வெள்ளையை எடுத்தாள்.

அதை நிரவி மேலே சிமெண்ட் பூசியதும், அப்பா கட்டிலிலிருந்து வாசல்வரை நடக்கத் தொடங்கினார். அம்மா விமலாராணி தினமும் தரையை அலசிவிட்டாள். மழைக்காலம் போனதும் நடுவீட்டில் தரை வெடித்துப் புடைத்தது. அப்பா அதில் கால் தட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். அதன்பின் கட்டிலைவிட்டு எழவேயில்லை.

"ஊட்டுக்குள்ளயே மருதமலை மொளைச்சிருக்கு. எனக்குப் படி ஏற முடியாது கண்ணு" என்று சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. காலு மறுபடி மரத்துப்போச்சுன்னா அப்பத் தெரியும்" என்றாள் அம்மா.

கெசியா சிரிக்கவில்லை. பொடியில் நீறாத சுண்ணாம்பு இருந்திருக்கிறது, ஈரம் பட்டு ஊதியிருக்கிறது. சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் அவள். மழையில் நனைந்து நனைந்து ஊத வேண்டியதெல்லாம் ஊதி முடிந்த குவியலை, அழுக்கென்று ஒதுக்கியதும் அவள்தான். படித்தது எந்த இடத்தில் நின்றுபோகிறது? யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் கடப்பாரையை எடுத்தாள்.

"சாமி கோவிச்சுக்கும்" என்றாள் அம்மா.

"கோவிச்சா வந்து ஒரு கை புடிக்கச் சொல்லுங்க."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே சட்டியைத் தூக்க வந்தாள். வெட்டிய பொடிக்குள் பெல்ட்டில் தப்பிய எவர்சில்வர் துணுக்குகள் மின்னின. கெசியாவின் விரல்கள் தாமாகவே அவற்றைப் பொறுக்கி ஓரமாகக் குவித்தன. குவியலைப் பார்த்ததும் அவளுக்கே எரிச்சலாக வந்தது. அதையும் சட்டியில் தள்ளினாள்.

"இதுல மறுபடியும் உங்க யார்டுச் சாமானையே போட்றாத, தாயே."

"இல்லீங்கம்மா. செம்மண் கிராவல் சொல்லியிருக்கேன்."

கிராவலை நிரவி, தண்ணீர் தெளித்து, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கி முடித்தபோது கெசியாவால் கையைத் தூக்க முடியவில்லை. சிமெண்ட் இப்போதைக்கு இல்லை. மண் இறுகட்டும், ஒரு மழையும் பார்த்துவிடலாம் என்றாள்.

"அதுவரைக்கும் நான் மலையடிவாரத்துலயே உக்கோந்திருக்கறதா?" அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். கெசியா தாங்கப் போனாள்.

"உட்று கண்ணு. நீயே நிக்க முடியாம நிக்கற."

வலது காலை வைத்தார். இடது கால் பின்னால் இழுபட்டு வந்தது. ஈர மண்ணில் அது கிழித்த கோடு கட்டிலிலிருந்து புறப்பட்டு, நடுவீட்டில் சற்று நின்று, மறுபடி நகர்ந்து வாசல்வரை எங்கும் தட்டாமல் போனது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கெசியா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.