பேச்சியம்மா கேட்ட முழு ஆட்டம்

பந்தாட்டத்துக்கு ஒரு பக்கத்தில் பதினோரு பேர் போதும் என்று முடிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் சில வருஷம் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் ரைட்டராக இருந்தேன். வேலைக்கு வருகிறவர்களின் பேரைக் காலையில் பதிவதும், மாதக் கடைசியில் சம்பளம் போடுவதும் என் வேலை. கல்லூரியில் கொஞ்சம் பந்து ஆடியவன் என்பது எப்படியோ வெளியே தெரிந்து, தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளின் பையன்கள் அணியும் என் தலையில் வந்து விழுந்தது. சம்பளம் இல்லாத வேலை. மேலதிகாரிகளுக்கு மட்டும் குறைவில்லை. ஒவ்வொரு பையனுக்கும் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். இப்படி ஏதாவது ஓர் அணியைக் கவனித்துக்கொண்டவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் படிப்பார்கள். நம்மைப் போல இன்னொருவனும் மாட்டியிருக்கிறான் என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

ஜீப்பின் தேர்வுக் குழு

சாயங்காலப் பயிற்சிக்கு இருபது பையன்களுக்குக் குறையாமல் வருவார்கள். சனிக்கிழமை மதியம் வெளி எஸ்டேட்டுக்கு ஆடப் போகும்போது எத்தனை பேர் என்பதை நான் முடிவு செய்யவில்லை. எஸ்டேட் ஜீப் முடிவு செய்தது. ஜீப்புக்காகப் பேசியவர் டிரைவர் வர்க்கி. பாலா என்கிற ஊரைச் சேர்ந்த மலையாளி. எங்கள் தமிழும் அவருடைய மலையாளமும் பல வருஷம் ஒரே வண்டியில் போய்ப் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

நான் வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து அணியைத் தேர்ந்தெடுப்பேன். வர்க்கி சனிக்கிழமை வண்டியருகே நின்று அதைத் திருத்துவார். ஒல்லியான முன்வரிசைக்காரன் ஒருவனை இறக்கிவிட்டு, பயிற்சிக்கே ஒழுங்காக வராத தடித்த பையன் ஒருவனை ஏற்றுவார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பின்சீட்டில் பையன்களை இடம் மாற்றி உட்காரவைத்தபடியே சொன்னார்: “சாரே, கோல் அடிக்கிறவனைக் கொண்டுபோ, வேண்டாம்னு ஞான் சொல்லல. வளைவுல வண்டி சாயாம இருக்கத் தடிச்ச ஆளு நாலு பேரு வேணும், அவங்களையும் கொண்டுபோ.”

நிரை

கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் காலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். இரண்டு செடி வரிசைக்கு நடுவில் இருக்கும் அந்த வழி அன்றைக்கு அவளுடையது. பக்கத்து நிரைக்குள் கை நீட்டி ஒரு கொழுந்து கிள்ளினாலும் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அது பெரிய வழக்காகிவிடும். எங்கள் பையன்கள் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்த சட்டம் அது.

பந்து எங்கே போனாலும் எல்லோரும் ஒரே கூட்டமாக அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். இடம் பிரித்து ஆடுவதை எப்படிப் புரியவைப்பது என்று பல நாள் தவித்து, கடைசியில் மைதானத்தையும் நிரையாகப் பிரித்துக் காட்டினேன். இது உன் நிரை, அது அவன் நிரை. சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டார்கள். அன்றிரவு எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை ஏற்பட்டது.

அந்தச் சனிக்கிழமை எதிரணி உதைத்த பந்து ஒன்று எங்கள் இடது பேக் சின்னராசுக்கும் நடுவில் நின்றவனுக்கும் இடையில் மெதுவாக உருண்டு வந்தது. சின்னராசு நல்ல பையன். ஓட்டம் கொஞ்சம் குறைவு. பந்து தன்னைக் கடந்து போவதை, பெரியவர்களுக்கு வழிவிடுகிறவனைப் போல ஒதுங்கி நின்று பார்த்தான். கோல். இடைவேளையில் ஏன் தொடவில்லை என்று கேட்டேன். அவனுக்கு என் கேள்விதான் விளங்கவில்லை. “அது அவன் நிரை சார். நான் கால் வச்சா சாயந்தரம் எங்கம்மையும் அவுக அம்மையும்லா சண்டை போடுவாக.”

குடை

மேலே இருந்து வரும் சிபாரிசு வேறு மாதிரி. எங்கள் கோல்கீப்பர் டீமேக்கரின் மகன். தேயிலை ஃபேக்டரி முழுவதும் டீமேக்கரின் சொல்லுக்கு நடந்தது. நல்லவேளையாக மகனும் நன்றாகவே ஆடினான். அதனால் அவர் என்னிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லா ஆட்டத்துக்கும் வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். அவ்வளவுதான்.

ஜூன் மாதம் வந்தது. பீர்மேட்டு மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆட்டத்தின் நடுவில் ரெஃப்ரி விசில் ஊதி எங்கள் கோலைக் கைகாட்டினார். டீமேக்கர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து மகனுடைய தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது மட்டும்தான் பிடிப்பதாகவும், இந்தப் பக்கம் வரும்போது விலகிவிடுவதாகவும் விளக்கம் சொன்னார். நான் அவரைப் பக்குவமாக வெளியே அழைத்து வந்தேன். வரும்போது என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: “நனைஞ்சா அவனுக்குத் தொண்டையில சதை வீங்கும், ரைட்டர். கோல் போனா எனக்கு ஒண்ணும் வீங்காது.”

அரைப்பேர்

இடது பேக் இடத்துக்கு எனக்கு இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் சின்னராசு. இன்னொருவன் சேகர். இருவரும் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து வீடு. சின்னராசின் அம்மா பேச்சியம்மாவும் சேகரின் அம்மா மாரியம்மாவும் மலையிலும் பக்கத்துப் பக்கத்து நிரை. ஒருத்தியின் மகன் ஆடிய நாளில் இன்னொருத்தி ஆபீஸ் வாசலுக்கு வருவாள். என்ன ஏது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அப்படிச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்பாள்.

கடைசியில் யூனியன் தலைவர் சுடலைமுத்து இதைக் கையில் எடுத்தார். மானேஜர் துரையிடம் போனஸ் பேசப் போகும்போது போடும் அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். இரண்டு தரப்பையும் எதிரெதிரே பெஞ்சில் உட்காரவைத்தார். எனக்கு நிர்வாகத்தின் நாற்காலி. வெகுநேரம் பேசி ஓர் ஒப்பந்தம் ஆனது: எல்லா ஆட்டத்திலும் முதல் பாதி சின்னராசு, இரண்டாம் பாதி சேகர்.

எஸ்டேட்டில் மதியத்தோடு நின்றுவிட்டவர்களுக்கு அரைநாள் சம்பளம். அதற்கு அரைப்பேர் என்று பெயர். இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அரைப்பேர் போட்டாயிற்று என்று சொல்லி, வந்ததிலிருந்து முதல்முறையாக இரண்டு பெண்களும் ஒரே பக்கம் பேசினார்கள். ஒப்புக்கொண்டுதான் போனார்கள். சுடலைமுத்து மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “துரைகிட்ட போனஸ் பேசுதது லேசு சார். அங்க எதுத்தாப்புல ஒரு ஆளுதான உக்காந்திருக்காரு.”

பேச்சியம்மா வந்தது

அந்த வருஷம் என்ன காரணத்தாலோ எங்கள் அணி இறுதி ஆட்டம் வரை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, பீர்மேட்டில். எதிரே ஏலப்பாறைப் பக்கத்து அணி.

இரண்டு நாள் முன்னால் சாயங்காலம், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு பேச்சியம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். செடி உரசாமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த சாக்கை இன்னும் அவிழ்க்கவில்லை. என்ன என்று கேட்டேன். இந்தத் தடவை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

சின்னராசுக்கு வேலைக்குச் சேரும் வயது வந்துவிட்டது. ஆட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து அவன் வேலைக்கு வருகிறான். அதன் பிறகு சாயங்காலப் பயிற்சி கிடையாது, சனிக்கிழமை ஆட்டம் கிடையாது. இதெல்லாம் எனக்கும் தெரியும்; அவன் பேரைப் பதியச் சொல்லி உத்தரவு வந்த தாள் என் மேஜையில்தான் இருந்தது. ஆனால் அவன் ஓர் ஆட்டத்தைக்கூட முழுசாக ஆடியதில்லை என்பதை அதோடு சேர்த்து நான் யோசித்துப் பார்த்ததில்லை. ஒப்பந்தத்துக்கு முன்பும் அவனை நான் கடைசிவரை விட்டுவைத்ததில்லை.

சேகரை என்ன செய்வது என்று கேட்டேன். வேறு இடத்தில் அவன் ஆட மாட்டான். அது அவன் நிரை இல்லை. மாரியம்மா வீடும் தன் வீடும் ஒரே சுவர் என்பது பேச்சியம்மாவுக்கு நினைவிருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னாள்: “திங்கக்கெழமை நீங்கதான சார் அவன் பேரை எழுதப் போறீய. அதுக்கு முந்தி ஒரே ஒரு முழு ஆட்டம் கேக்கேன். செயிக்கணும்னு கேக்கல.”

இறுதி ஆட்டம்

பெண்கள் எஸ்டேட் லாரியில் வந்திருந்தார்கள். பேச்சியம்மாவும் மாரியம்மாவும் மேட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். இடைவேளைக்கு விசில் ஊதியதும் சேகர் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் குதித்துக் குதித்துக் காலைச் சூடேற்றத் தொடங்கினான். அவனைத் தனியாக அழைத்து, சின்னராசு நாளையிலிருந்து வேலைக்குப் போகிறான் என்று மட்டும் சொன்னேன். அவன் ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுக்கொண்டான். சுடலைமுத்து வேகமாக என்னிடம் வந்தார், விஷயத்தைக் கேட்டார், ஒப்பந்தம் மீறப்பட்டதைத் தான் பார்க்கவில்லை என்று சொல்லி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். மேட்டில் மாரியம்மா குடையைத் தாழ்த்தி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பாதி முழுவதும் சின்னராசு தன் நிரையை விடவில்லை. அந்தப் பக்கம் ஆடிய ஏலப்பாறைப் பையன் அவனை எத்தனையோ முறை கடந்து போனான். ஒவ்வொரு முறையும் இவன் திரும்பி ஓடினான். இடையில் மூடுபனி இறங்கி ஆட்டம் சிறிது நேரம் நின்றது. அப்போதும் தன் இடத்தில்தான் நின்றான். கடைசியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு நொண்டினான். அப்படி நொண்டியபடியே, கோலுக்குள் போகவிருந்த ஒரு பந்தைக் காலைக் குறுக்கே போட்டு வெளியே தள்ளினான். பின்னால் நின்ற டீமேக்கர் குடையைக் கீழே போட்டுவிட்டார். விசில் ஊதியபோது கணக்கு மாறவில்லை. ஆளுக்கொரு கோல்.

கூடுதல் நேரம் ஆட வேண்டும் என்று ரெஃப்ரி சொன்னார். நான் யாரையும் மாற்றுவதாக இல்லை. மறுபடியும் உட்காரச் சொல்லிச் சேகரின் முகத்தைப் பார்க்கத் தெம்பும் இல்லை. அப்போது பேச்சியம்மா மேட்டிலிருந்து இறங்கி, கோட்டைத் தாண்டி நேரே உள்ளே வந்தாள். ரெஃப்ரி யார் நீங்கள் என்று கேட்டதை அவள் கவனிக்கவில்லை. மகனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள்: “எம் புள்ள முழுப்பேரும் வாங்கிட்டான் சார். இனி இருக்கதைச் சேகருக்குக் குடுங்க. அவன் அம்மை காலையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கா.”

வரும் வழி

சேகர் கூடுதல் நேரம் முழுவதும் ஆடினான். மேட்டில் குடை நிமிர்ந்தது. நாங்கள் தோற்றோம், கோல் அவன் நிரை வழியாகப் போகவில்லை, நடுவில் போனது. இதை அன்று பலரிடம் மாரியம்மா சொன்னாள், பேச்சியம்மாவும் சொன்னாள்.

ஜீப்பில் வர்க்கி சின்னராசைத் தன் பக்கத்தில் முன்சீட்டில் உட்காரவைத்து, காலை நீட்டிக்கொள்ளச் சொன்னார். அந்த இடம் எப்போதும் என்னுடையது. நான் பின்னால் பையன்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். குட்டிக்கானம் வளைவில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தபோது வர்க்கி திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “கப்பு கிட்டாதது நன்னாயி, சாரே. வைக்க வண்டியில எவிடெ ஸ்தலம்?”

திங்கட்கிழமை

காலையில் பேர் எடுக்கும்போது வேலைக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். சின்னராசு வரிசையின் இடது ஓரத்தில், சற்றுப் பின்னால் தள்ளி நின்றான். பேரைக் கூப்பிட்டேன். இங்கே இருக்கிறேன் என்று சொல்வதற்குப் பதிலாக, பயிற்சியில் கையைத் தூக்குவதுபோலத் தூக்கினான். எழுதிக்கொண்டேன். களை வெட்டும் கூட்டத்தோடு நொண்டிக்கொண்டே மேலே ஏறிப் போனான். பேச்சியம்மா திரும்பிப் பார்க்காமல் தன் நிரைக்குப் போனாள்.

கடைசியாக நகர்ந்தவள் மாரியம்மா. ஆபீஸ் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். என்ன என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல சார். அடுத்த வருசம் சேகருக்கு முழு ஆட்டம். அவன் தம்பியும் இப்ப நல்லா ஓடுதான், அதையும் சொல்லிட்டுப் போறேன்.”

பந்தாட்டத்தில் இரண்டு பாதிக்கும் நடுவில் மூச்சு விட ஓர் இடைவேளை உண்டு என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எழுதியவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள்.