மைத்துனனின் காற்றுப் பீரங்கி

2011 ஜனவரி 9 — 30 பவுண்டு — 88 அடி
பிப்ரவரி 13 — 40 பவுண்டு — 141 அடி
மார்ச் 20 — 50 பவுண்டு — 196 அடி
மே 1 — 60 பவுண்டு — 243 அடி
ஜூன் 12 — 60 பவுண்டு — 251 அடி

பவுண்டு என்பது உருளைக்குள் அடைத்த காற்றின் அழுத்தம். அடி என்பது உருளைக்கிழங்கு போய் விழுந்த தூரம். சுட்டவன் என் மனைவியின் தம்பி. நாடா பிடித்து அளந்து ஒரு நோட்டில் எழுதியவன் நான்.

அவன் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் கம்ப்ரசர் ஓட்டினான். ஆலையின் எந்திரங்களுக்கெல்லாம் காற்று போவது அவனுடைய அறையிலிருந்துதான். இருபத்தாறு வருடம் அந்த இரைச்சலில் நின்றதில் இடது காது மந்தமாகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருந்தான்; சாப்பாடு எங்களோடு. வாரத்தில் ஆறு நாள் காற்றோடு மல்லுக்கட்டியவனுக்கு ஏழாவது நாளும் காற்றுதான் வேண்டியிருந்தது.

பழைய தீயணைப்பு உருளை ஒன்று, அதன் வாயில் சட்டென்று திறக்கும் ஒரு வால்வு, அதற்கு முன்னால் ஐந்தடிக் குழாய். இவ்வளவுதான் பீரங்கி. சைக்கிள் பம்பால் காற்றடைத்து, குழாயில் உருளைக்கிழங்கைத் திணித்து வால்வைத் திறந்தால் ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கக் காது வேண்டாம், நெஞ்சு போதும் என்பான். நான்கு வருடத்தில் மூன்று பீரங்கிகள் செய்தான். ரயில் பாதைக்கு அப்பால் கிடந்த காலி நிலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுட்டோம். ஆலையில் அவனுக்குப் பெயரே ‘பீரங்கி’ என்றாகிவிட்டது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் மனைவி சும்மா விடமாட்டாள். “வாங்குற கிழங்குல பாதி அடுப்புக்கு, பாதி பீரங்கிக்கு. இதுக்கு ஒருத்தியைக் கட்டிக்கிட்டு அவகிட்டத் திட்டு வாங்கியிருக்கலாம்டா.”

“திட்டுறதுக்குத்தான் நீ இருக்கியே அக்கா. எதுக்கு ரெண்டு பேரு?”

அவனைப் போல ஜாக்கிரதையான ஆளை நான் பார்த்ததில்லை. வால்வைத் திறக்கும் முன் மூன்று முறை ‘விலகு’ என்பான். அங்கே நான் ஒருவன் மட்டுமே, அதுவும் அவனுக்குப் பின்னால் நிற்கும்போதும். அறுபது பவுண்டுக்கு மேல் ஒரு நாளும் ஏற்றமாட்டான், ஒரே ஒரு நாள் தவிர.

ஆலையில் காற்றைச் சேர்த்து வைக்க இரண்டு பெரிய இரும்புத் தொட்டிகள் உண்டு. இரண்டாம் தொட்டியின் அடிப்பாகம் துருப்பிடித்திருப்பதாக மேற்பார்வையாளரிடம் அவன் மூன்று முறை சொன்னான். வாயால் சொன்னான். வருடக் கடைசியில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தத் தொட்டியின் சேஃப்டி வால்வையும் இரண்டு வருடமாக யாரும் சோதிக்கவில்லை. அழுத்தம் நூற்றுப்பத்தைத் தொட்டால் தானாகத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டிய வால்வு அது. அது திறக்குமா என்ற யோசனையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து ஆலையை மூடியதும், வால்வைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். மறுநாள் பீரங்கியின் குழாயை எடுத்துவிட்டு, உருளையில் அதை மாட்டிக் காற்றடித்தோம். நான் எழுதியது இது:

‘ஜூலை 3. ஆலையின் இரண்டாம் தொட்டி வால்வு. 109 பவுண்டில் திறந்தது. குறை இல்லை. நாளை காலை ஷிப்டுக்கு முன் திரும்ப மாட்டப்படும்.’

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் மாட்டினான்.

ஆகஸ்ட் 9, மதியம் இரண்டு இருபதுக்கு இரண்டாம் தொட்டி வெடித்தது. சுவர் சரிந்ததில் பாக்கிங் பகுதியில் நின்ற ஒருவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இருபத்தொன்பது வயது. வால்வு சுவருக்கு அடியில் தகடாக நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்றார்கள்.

ஆலை விசாரணை வைத்தது. வால்வு திறக்காததால்தான் அழுத்தம் ஏறி வெடித்தது, வால்வு கம்ப்ரசர்காரர் பொறுப்பு என்றார் விசாரணை அதிகாரி. வால்வு நன்றாக இருந்தது என்றான் இவன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டானாம்.

அதைக் கேட்டு நான்தான் நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

“வேணாம் அத்தான்” என்றான்.

“எழுத்துல இருக்கு. தேதி இருக்கு, அளவு இருக்கு. எதுக்குப் பயப்படுற?”

செப்டம்பர் 5 அன்று நோட்டோடு போனான். சாட்சி என்ற முறையில் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

“ஆலைப் பொருளை வெளிய எடுத்துட்டுப் போனீங்களா?”

“ஆமா சார்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல.”

“திரும்ப மாட்டினப்போ யாராவது கூட இருந்தாங்களா?”

“இல்ல சார்.”

பிறகு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, உருளைக்கிழங்கு போன தூரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்களைப் பீரங்கின்னுதான் கூப்பிடுவாங்களாமே?” என்றார். பக்கத்திலிருந்த இருவர் சிரித்தார்கள். துருவைப் பற்றி அவன் சொன்னதாகத் தமக்கு நினைவில்லை என்று மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்தார். அக்டோபர் 17 அன்று வேலைநீக்க உத்தரவு வந்தது.

வேலை போனதை அவன் பெரிதாகப் பேசவில்லை. நவம்பரில் ஒரு நாள், கால் போனவனைப் பார்க்க வேண்டும், துணைக்கு வாருங்கள் என்றான். போனோம். முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தான் அந்தப் பையன். எங்களை உட்காரச் சொன்னான்.

“அண்ணே, அவங்க சொல்றதை நான் நம்பல. நீங்க காரணமில்லைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு அது போதும்.”

என் மைத்துனன் முழங்கால்மேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன்.

“தெரியலப்பா” என்றான்.

பையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். “அப்போ எதுக்கு வந்தீங்க?” என்றான்.

வரும் வழியில்தான் அவன் மனதில் இருந்தது வெளியே வந்தது. வால்வை மாட்டும்போது, காற்று கசியாமலிருக்க மரையில் வெள்ளை டேப் சுற்றுவார்கள். அளவுக்கு மேல் சுற்றி, அதன் நுனி உள்பக்கம் மடங்கித் துளையை அடைத்திருந்தால்? அன்று காலை எத்தனை சுற்று சுற்றினான் என்பது அவனுக்கு நினைவில்லை.

“நீங்க எழுதலையா அத்தான்?”

நான் அங்கே இல்லை என்றேன். அது அவனுக்கே தெரியும். ஆனாலும் கேட்டான்.

டிசம்பரில் மூன்று பீரங்கிகளையும் ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டான். ஒரு டயர் கடையில் காற்றடிக்கும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு டயரையும் நான்கு முறை அளந்தான், வண்டிக்காரர்கள் பொறுப்பார்களா? நான்காம் நாள் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஒரு குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு, கையை அதன் போக்கில் விட்டு டேப் சுற்றிப் பார்ப்பான். ஏழு வரும். அடுத்தது ஒன்பது. மறுபடி ஏழு. என் மனைவி டேப்பை ஒளித்து வைத்தாள்; இன்னொன்று வாங்கிவந்தான்.

“விட்டுடுடா தம்பி. அந்தப் பையனோட கால் திரும்ப வரப்போறதில்ல.”

“கால் வராது அக்கா. யாரு எடுத்தாங்கன்னு தெரியணும்ல.”

தெரிந்துகொள்ள ஒரு வழிதான் மிச்சமிருந்தது. தொட்டியின் கிழிந்த அடித்தகட்டைத் தொழிற்சாலை ஆய்வு அலுவலகம் சோதித்துப் பார்க்கலாம். துரு அரித்துத் தகடு மெலிந்திருந்தால், சாதாரண அழுத்தத்திலேயே அது வெடித்திருக்கும். வால்வுக்கும் டேப்புக்கும் அதில் வேலையே இல்லை. ஐந்து மனுக்கள் எழுதினோம். வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. தகட்டைச் சோதியுங்கள் என்பது மட்டும்தான். பரிசீலனையில் உள்ளது என்று மூன்று பதில்கள் வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

நான்காவது பதில்தான் கடைசி. ஒரே பத்தி. அவனுடைய வலது காதருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். தொட்டியின் தகடுகள் 2011 செப்டம்பரிலேயே கழிவு இரும்போடு விற்கப்பட்டுவிட்டன, சோதனைக்கு வழியில்லை, வெடிப்பின் காரணம் கண்டறிய முடியாதது எனப் பதிந்து கோப்பு முடிக்கப்படுகிறது.

இன்னொரு முறை படிக்கச் சொன்னான். படித்தேன்.

“அப்போ நானா, இல்லையா?”

அதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை என்றேன். கடிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் தன் அறைக்குப் போய்விட்டான். அது வந்து சேர்ந்த நாள் 2013 பிப்ரவரி 19.