அன்னநடைக்காரியின் குதிகால்

குதிகால் தரையில் படாமல் வருகிறாள் அக்கா. படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி நுனிக்காலில் வந்து, என் கையிலிருக்கும் இரண்டு மூலைகளோடு சேர்க்கிறாள். பிறகு அதே நுனிக்காலில் பின்னால் போகிறாள். முகத்தில் ஒரு மிதப்பு வேறு. ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘அன்னநடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மடிப்பறையில் அவளுக்கு ஜோடி நான். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. நாள் முழுதும் நாங்கள் கிட்டே வருவதும் எட்டிப் போவதுமாக இருப்போம். கை ஓய்ந்தாலும் அவள் வாய் ஓயாது. தலையணை உறை ஒன்று குறைந்தால் போதும், கதை ரெடி. “புருஷன் பொண்டாட்டி சண்டைடி. கோவிச்சுக்கிட்டுப் போனவங்க தலையணையோட போயிருக்காங்க.”

அந்த அறைக்குள் செருப்பு கூடாது. விரிப்பின் ஓரம் தரையில் புரளும் என்பதால் கீழே வெள்ளைத் துணி பரப்பியிருக்கும். சாக்ஸும் கூடாது, யாரோ வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து அப்படி. வெறுங்கால்தான் சட்டம்.

எல்லோரும் வெறுங்காலோடு இருக்கும் இடத்தில் இவள் மட்டும் உட்கார்ந்ததும் பாதங்களை இழுத்து மறைத்துக்கொள்வது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டி எட்டிப் பார்ப்பேன். “என்னடி, என் கால்ல புதையலா இருக்கு?” என்பாள். நழுவிய ஒரு மூலையை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். பழைய சோப்புக்கட்டி காய்ந்து வெடித்தது போல் குதிகால் பிளந்திருந்தது. ஒரு பிளவுக்குள் ஏதோ பளபளத்தது.

“பொம்மை ஒட்டுற பசைடி. பொம்மைக்கு ஒட்டுது, எனக்கு ஒட்ட மாட்டேங்குது.”

“ஏதாவது களிம்பு தடவக் கூடாதாக்கா?”

“தடவிட்டு வந்தா விரிப்புல எண்ணெய் படுமே! மடிச்ச எடத்துல மஞ்சளா எட்டிப் பாக்கும். அப்புறம் யார் பதில் சொல்றது?”

அவள் சிக்கல் அதுதான். பிசுக்கு இல்லாமல் கால் ஆறாது. பிசுக்கு பட்டால் விரிப்பு பாழ். அதனால் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தாள். காலையில் சொரசொரப்பான கல்லால் குதிகாலைத் தேய்ப்பது. அதற்கும் மசியாவிட்டால் புருஷனின் ஷேவிங் பிளேடு. வழவழப்பாக இருந்தால் நூலைப் பிடித்து இழுக்காது என்பது அவள் கணக்கு. சீவச் சீவத் தோல் தடித்தது. “என்கிட்டயே வீம்பு பண்ணுது” என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஒருநாள் மடித்த விரிப்பில் கடுகளவு ரத்தம். எங்கள் சூப்பர்வைசர் அம்மா குரலை உயர்த்துகிறவர் அல்ல. “இன்னொரு பொட்டு பாத்தேன்னா மறுநாள் நீங்க வாஷிங்ல நிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வாஷிங் என்றால் கணுக்கால் வரை சோப்புத் தண்ணீர். அக்கா அன்று ஒவ்வொரு மடிப்பையும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். கடைசியில், “அங்க போனா இந்தக் கால் அவ்வளவுதான்டி” என்றாள்.

வேலை முடிந்ததும் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். டாக்டர் பெண் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எதால சுரண்டுறீங்க?” என்று கேட்டாள். அக்கா கையும் களவுமாகப் பிடிபட்டவளாகப் பையிலிருந்து கல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இது இனிமே வேண்டாம், பசையும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் காலை வைங்க. ஒத்தித் துடைச்சு, ஈரம் போறதுக்குள்ள வாசலின் நிறையத் தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்குங்க. காலைல துடைச்சுட்டு வேலைக்குப் போகலாம். ரத்தம் வர்ற வெடிப்புக்கு இந்த மருந்து. வீங்கினாலோ சீழ் வச்சாலோ உடனே வரணும்.”

“தேய்க்காமலேயா?” என்றாள் அக்கா. வாசலைத் தாண்டும்போது என்னிடமும் அதையே கேட்டாள்.

அவள் புருஷன் லாரி மெக்கானிக். “நட்டு போல்ட்டுக்கெல்லாம் கிரீஸ் போடறவன், உனக்குப் போட மாட்டேனா?” என்று அவரே தடவிவிட உட்கார்ந்தாராம். கூச்சம் தாங்காமல் இவள் விட்ட உதையில் டப்பா கட்டிலுக்கடியில் உருண்டதாம். அதற்கப்புறம் தானே தடவிக்கொண்டாள். பல வாரம் பொறுத்துக் குதிகால் தரைக்கு வந்தது. நடை மாறிவிட்டது, பட்டப்பெயர் மாறவில்லை.

போன வாரம் சூப்பர்வைசர் அம்மா அடுக்கைச் சரிபார்க்க வந்தார், எங்களைப் போலவே வெறுங்காலோடு. அடுக்கைச் சுற்றி வந்தவர் சட்டென்று நின்றார். கீழே தொங்கிய ஒரு விரிப்பின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார் அக்காவிடம்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தூக்கிக் காட்டினாள். ஒரு கீறல் இல்லை. அம்மாவின் பார்வை என் காலுக்கு வந்தது, அங்கேயும் ஒன்றுமில்லை. அப்புறம்தான் மூன்று பேரும் கீழே பார்த்தோம். வாசலிலிருந்து வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாக வந்த சிவப்பு, அம்மாவின் குதிகாலில் முடிந்திருந்தது.

அவருக்கு முகம் செத்துவிட்டது. அக்கா இன்றைக்கு வெளுத்து வாங்கப்போகிறாள் என்று நான் ஆசையாகவே காத்திருந்தேன். அவளோ கறைபட்ட விரிப்பை உருவி அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு, மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்தாள். தான் போட்டிருந்த வேலை மேலங்கியை மடியில் சுருக்கமில்லாமல் விரித்து, அதைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“காலை இப்படி வைங்க மேடம்.”