எமிலியானுசின் கழுதைப் பட்டாளம்

மன்னார் பட்டினத்தில் படகு இஞ்சின் திருத்தும் எமிலியானுசுக்கு எந்த இஞ்சின் புகைத்தாலும் பிடிக்காது. தான் புகைப்பது மட்டும் பிடிக்கும். குடலில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பும்போது, டாக்டரம்மா சிகரெட்டை விடச் சொன்னார். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் புகைக்கிறவர்களில் கனபேர் முந்திப் போய்விடுகிறார்கள், இப்போது விட்டாலும் ஆயுள் கூட வாய்ப்பிருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார்.

எமிலியானுஸ் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், புகை போவது நெஞ்சுக்கு, வெட்டியது குடலை, இந்த டாக்டர் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறா என்று மனைவி யசிந்தாவிடம் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பயம். பஸ் ஏறும்வரை அவர் கையை விடவில்லை. மனுசன் மனமிரங்கி, இனித் தொடமாட்டேன் என்று மடு மாதா பேரில் சத்தியம் செய்தார்.

சத்தியம் மூன்று நாள் தாங்கியது. பிறகு, வலை வைக்கும் பழைய கொட்டிலின் பின்புறம் அவர் தவறாமல் வேலைக்குப் போவதுபோல் போகும் புகைக் கந்தோர் ஆயிற்று. வாய் மணக்காமலிருக்க ஒரு சிகரெட்டுக்கு ஒரு வாழைப்பழம். பழம் குடலுக்கு நல்லது, தோல் கழுதைக்கு. மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்? முதலில் ஒன்று வந்தது. கிழமை முடிவதற்குள் ஒரு பட்டாளமே சேர்ந்துவிட்டது. அவர் கடைக்குப் போனால் பின்னால் போயின. பூசைக்குப் போனால் கோயில் வாசலில் காத்து நின்றன. இயேசு கழுதையில் பவனி வந்த குருத்து ஞாயிறு இன்னும் வரவில்லையே என்று பங்குச் சுவாமி விசாரித்தார்.

ஒரு மத்தியானம் யசிந்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கழுதைகளெல்லாம் கொட்டிலைச் சுற்றி நிற்க, நடுவிலிருந்து புகை எழும்பியது. நேரே நடந்து வந்தாள். நுளம்பு கடிக்கிறதென்று புகை போடுவதாக எமிலியானுஸ் சொன்னார். உச்சி வெயிலில் நுளம்பு! கழுதைகள்கூட நம்பியிருக்காது.

அவள் ஏசவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தில் இருந்துகொண்டு கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்டு தாங்கோ."

"உனக்கு என்னத்துக்கு?"

"நீங்கள் முந்திப் போனா என்னால தனிய இருக்கேலாது. ரெண்டு பேருமாச் சேர்ந்து போவம்."

பகிடி விடுகிறாள் என்று நினைத்து, பற்றவைத்தே கொடுத்தார். அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். இருமலில் கண் சிவந்து நீர் கொட்டியது. நிறுத்துவாள் என்று பார்த்தால் மறுபடியும் வாயில் வைத்தாள். எமிலியானுஸ் பாய்ந்து பறித்து மணலில் போட்டு மிதித்தார்.

"விசரே உனக்கு? இது ஆளைக் கொல்லும்."

சொன்ன பிறகுதான், தன் வாயிலிருந்து என்ன வந்ததென்று அவருக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொட்டு இவள் இந்தப் பயத்தோடுதான் உலை வைத்திருக்கிறாள். அவரால் அதை ஒரு நிமிஷம் தாங்க முடியவில்லை.

சட்டைப்பையிலிருந்த பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தார். வைத்த பிறகும் அவருக்கு நிம்மதியில்லை.

"நீ பத்தமாட்டாய்தானே?"

"நீங்கள் பத்தாத வரைக்கும்" என்றாள் யசிந்தா.